அரை லிட்டர் பால்

தயிர்ப் பாத்திரத்துக்கு அனந்தராமன் தம்முடைய குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. ஹைதராபாத்தின் டிசம்பர் குளிரில் பால் தயிராக வேண்டுமானால் இப்படி ஏதாவது செய்துதான் ஆகவேண்டும். மனைவி போன பிறகு அவராகக் கற்றுக்கொண்ட வித்தை அது. மத்திய அரசின் பாதுகாப்பு நிறுவனமொன்றில் முப்பது வருஷம் உள்விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது மல்காஜ்கிரியில் மூன்றாவது மாடியில் குடியிருந்தார். போலீசிடம் பேசிப் பார்த்து அலுத்தவர்கள் அவரைத் தேடி வருவார்கள்.

கதவைத் திறந்தவள் எதிர்வீட்டு சுஷ்மா. இளம் வக்கீல். துப்பறிவதில் அவளுக்கு இருந்த ஆசையில் பாதி அளவு பொறுமையும் இருந்திருந்தால் இந்நேரம் பெரிய வக்கீலாகியிருப்பாள். குல்லாய் போட்ட பாத்திரத்தைப் பார்த்து அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வந்தவளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

வந்தவள் காஞ்சனா. மௌலா அலி ரயில்வே காலனிக்காரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். அவளுடைய கணவன் மணிவண்ணன் செத்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

"பேப்பர்ல பாத்திருப்பீங்க சார். பாலாநகர் லேப்ல ஸ்பேனரால அடிச்சுக் கொன்னது. செத்தது எங்க வீட்டுக்காரரு. சுனிலைப் புடிச்சு உள்ள வெச்சிருக்காங்க. அவன் பண்ணல சார். அத நீங்க கண்டுபுடிச்சுக் குடுக்கணும்."

சுஷ்மா வியப்பை மறைக்கவில்லை. "உங்க ஹஸ்பண்டைக் கொன்னதா சொல்ற ஆளைக் காப்பாத்தணும்னு நீங்களே வந்திருக்கீங்களா?"

"ஹவ் மேடம், ஆமா. பக்கத்து குவார்ட்டர்ஸ் லூர்துமேரி அக்கா பையன் அவன். முப்பத்திரண்டு வயசு. இவருதான் அவனை அந்த வேலையில சேத்து விட்டாரு. அண்ணன் அண்ணன்னு இவரு காலையே சுத்திகினு இருந்தான். அந்தம்மா நாலு நாளா பச்சைத் தண்ணி குடிக்கல. அவனும் போயிட்டான்னா எங்க வீட்டுக்காரரு ரெண்டு தடவை செத்த மாதிரி சார்."

"உட்காருங்கோம்மா. சனிக்கிழமை என்ன நடந்தது, உங்களுக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்கோ" என்றார் அனந்தராமன்.

அவளுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். காலையில் வழக்கம்போல் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். பதினொன்று நாற்பதுக்கு மணிவண்ணன் போன் செய்தான்.

"இன்னிக்குத் தயிர் உறையாது, ராத்திரிக்கு ரசம் மட்டும் வைன்னாரு. பால் நல்லாத்தானே காய்ச்சிக் குடுத்தேன், உறையும் நான்தானே ஊத்தினேன், என் மேல என்னா குத்தம்னு கேட்டு கோச்சிகினு போனை வெச்சிட்டேன். அதான் சார் கடைசி. நாலரைக்கு போலீஸ் போன் வந்திச்சி." அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "பால் கெட்டுப் போச்சோ என்னவோ. போற மனுசன்கிட்ட அதுக்காவது சண்டை போடாம இருந்திருக்கலாம்."

அனந்தராமன் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. குல்லாய் போட்ட பாத்திரத்தை மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

பாலாநகர் இன்ஸ்பெக்டர் யாதகிரி, பழைய ஒரு வழக்கில் அனந்தராமனிடம் கடன்பட்டவர். அந்த மரியாதைக்காகத் தேநீர் வரவழைத்து, தெலுங்கில் நிதானமாக விளக்கினார்.

அது கட்டடப் பொருள்களைச் சோதிக்கும் ஒரு சின்ன லேப். வெயிலும் குளிரும் உள்ளே வராமல் தடுக்கும் பேனல்களை அங்கே பரிசோதிப்பார்கள். பேனல்களைப் பொருத்தி ஆளுயரத்துக்கு ஒரு பெட்டி கட்டி, உள்ளே நாற்பத்தைந்து டிகிரிக்குச் சூடாக்கி, ஹீட்டரை அணைத்துவிடுவார்கள். பிறகு அரை மணிக்கு ஒருமுறை உள்ளே எத்தனை டிகிரி என்று பார்த்து எழுத வேண்டும். சூடு மெல்ல இறங்கினால் நல்ல பேனல், சீக்கிரம் இறங்கினால் மட்டமான பேனல். சனிக்கிழமை சோதித்தது தடுப்பூசிக் கிடங்குகளுக்குப் போகவேண்டிய பேனல்.

"கிடங்குக்குள்ள ஜில்லுன்னுதானே இருக்கணும்? சூடு பண்ணி எதுக்குப் பார்க்கணும்?" என்று கேட்டாள் சுஷ்மா.

"சூட்டை உள்ளே பிடிச்சு வைக்காத பேனல் குளிரையும் பிடிச்சு வைக்காதும்மா. ரெண்டும் ஒரே ஓட்டைதான்" என்றார் அனந்தராமன்.

அன்று லேப்பில் இருந்தவர்கள் மூன்று பேர். மணிவண்ணன், சுனில், மேனேஜர் ராகவேந்திரா. வாசலில் காவலாளி உண்டு, வேறு வழி கிடையாது, வேறு யாரும் வரவுமில்லை. வேறொரு பொருளின் மாதிரியை வாங்கிவர ராகவேந்திரா சுனிலைப் போவன்பள்ளிக்கு அனுப்பினார். பதினொன்றுக்குப் போனவன் மூன்று மணிக்குள் வந்துவிட வேண்டும் என்பது உத்தரவு. வந்தது மூன்று ஐந்துக்கு. ராகவேந்திரா பன்னிரண்டு இருபத்தைந்துக்குக் கிளம்பி ஒரு கல்யாணத்துக்குப் போனார். ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை அவரை அங்கே பார்த்தவர்கள் நூறு பேர். மூன்றரைக்கு சுனில் ரத்தம் தோய்ந்த சட்டையோடு வெளியே ஓடி வந்து கத்தினான்.

"உயிர் போன நேரம் பன்னிரண்டிலிருந்து நாலுக்குள்ளேங்கிறார் டாக்டர். அடிபட்ட பிறகு ஒரு மணி நேரமாவது மூச்சு இருந்திருக்கலாமாம். ஆனா அடிபட்டது எப்போன்னு அவரால சொல்ல முடியல. இது சொல்லுது" என்று யாதகிரி ஒரு தாளை நீட்டினார்.

அதில் எண்கள் மட்டுமே இருந்தன. ஒன்பதரைக்கு 45.0. பத்துக்கு 44.3. பதினொன்றரைக்கு 42.4. இப்படியே படிப்படியாக இறங்கி, மூன்று மணிக்கு 38.6. மொத்தம் பன்னிரண்டு எண்கள். அதற்குப் பின் ஒன்றுமில்லை. தாளின் ஒரு மூலை ஈரம்பட்டுச் சுருங்கியிருந்தது.

"மூணு மணிவரைக்கும் மணிவண்ணன் உயிரோட உட்கார்ந்து எழுதியிருக்கான். மூணரைக்கு எழுதல. நடுவுல உள்ளே வந்தவன் சுனில் ஒருத்தன்தான். டாக்டர் சொன்ன ஒரு மணி நேரம் கொஞ்சம் இடிக்குது, ஆனா அவரே 'இருக்கலாம்'னுதான் சொல்றார். ஸ்பேனர் சுனிலோடது. அதைக் கண்ட இடத்துல போட்டு வைக்கிறான்னு வெள்ளிக்கிழமை மணிவண்ணன் நாலு பேர் முன்னால திட்டியிருக்கான். இதுக்கு மேல என்ன சார் வேணும்?"

"இந்த ஈரம்?"

"அதை ஏன் கேக்கறீங்க! பெட்டிக்குள்ள ஒரு சில்வர் டப்பா இருந்தது. நாலரை மணிக்கு எங்க கான்ஸ்டபிள் எடுத்து இந்தத் தாள் இருந்த பையிலயே போட்டான். மூடி சரியில்ல. பாலெல்லாம் கொட்டிப் பையும் நனைஞ்சு அவன் பேன்ட்டும் நனைஞ்சு போச்சு."

அனந்தராமன் தாளைப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. நன்றி சொல்லிவிட்டு எழுந்தார்.

ஜீப்புகளுக்கு நடுவே நடக்கும்போதே சுஷ்மா ஆரம்பித்துவிட்டாள். "அங்கிள், யாரோ காம்பவுண்ட் சுவர் ஏறி வந்திருக்கணும். இல்லேன்னா வாட்ச்மேன். ஹவ், வாட்ச்மேன்தான்!"

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சொல்வா. அவசரக்காரிக்கும் அப்படித்தான். முதல்ல சுனிலைப் பார்க்கலாம் வா."

சிறையின் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்ற சுனில் நான்கு நாளில் பாதியாக இளைத்திருந்தான். மூன்று ஐந்துக்கு வந்ததும் வாங்கிவந்த மாதிரியைக் கீழே ஸ்டோரில் எடை போட்டு, பதிந்து வைத்துவிட்டு மூன்றரைக்குத்தான் மாடிக்கு ஏறினானாம். அண்ணன் மேசைக்கருகில் கிடந்தாராம். தூக்கி மடியில் போட்டுக்கொண்டபோது உடம்பு சில்லிட்டிருந்ததாம். இதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

"பெட்டிக்குள்ள பால் டப்பா ஏன் இருந்தது?" என்றார் அனந்தராமன்.

சுனில் தலையைக் குனிந்துகொண்டான்.

"அதை ஏன் போலீசுல சொல்லலை?"

"நக்கோ சார், வேணாம். அண்ணன் பேரு கெட்டுடும்."

"உன் அண்ணன் இனிமே திரும்பி வந்து பேர் வாங்கப் போறதில்லப்பா. உன் அம்மா பட்டினி கிடக்கறா. சொல்லு."

அவன் அழுதான். பிறகு சொன்னான். கேன்டீன் தயிர் மணிவண்ணனுக்குத் தொண்டையில் இறங்காது. குளிர்காலத்தில் வீட்டிலும் உறையாது. ஆகவே டிசம்பர் வந்துவிட்டால், உறை ஊற்றிய அரை லிட்டர் பாலைப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். நாற்பது டிகிரி கதகதப்பில் அது மூன்று மணிக்குள் கட்டித் தயிராகிவிடும். பாதியை இவர்கள் தின்றுவிட்டு மீதியை வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். சோதனைப் பெட்டிக்குள் வெளிப்பொருள் எதையும் வைக்கக்கூடாது என்பது லேப்பின் சட்டம். தெரிந்தால் வேலை போய்விடும்.

"ஆனா அண்ணன் கணக்குல ஏமாத்த மாட்டாரு சார். அந்தப் பால் எவ்ளோ சூடு புடிச்சு வைக்கும்னு போட்டுக் கழிச்சிடுவாரு. ஒவ்வொரு தாளுக்கும் பின்னால பென்சில்ல எழுதி வெப்பாரு, பால் அரை லிட்டர்னு. ஹீட்டரை அணைச்சதுமே முதல் வேலையா எழுதிடுவாரு. எங்க ரெண்டு பேருக்குத்தான் அது தெரியும்."

"மேனேஜருக்கு?"

"தெரிஞ்சா விட்டிருப்பாரா சார்?"

வெளியே வந்து அனந்தராமன் ஆட்டோவில் ஏறினார். பிறகு யாதகிரிக்குப் போன் செய்து ஒரே ஒரு நாள் கேட்டார். அந்தப் பேனல் பெட்டி இன்னும் கலைக்கப்படாமல் இருந்தது. பக்கத்திலேயே, தரம் தெரிந்த நல்ல பேனலால் கட்டிய இன்னொரு பெட்டியும் ஒப்புப் பார்ப்பதற்காக எப்போதும் உண்டு. அது போதும் என்றார்.

மறுநாள் காலை இரண்டு பெட்டியும் சூடேற்றப்பட்டன. இரண்டுக்குள்ளும் அரை அரை லிட்டர் பால் போயிற்று. ஒரே பாக்கெட் பால், ஒரே உறை, அனந்தராமனே வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அதை வைத்தபோது ராகவேந்திரா அங்கே இல்லை. ஒன்பதரைக்கு ஹீட்டர்கள் அணைந்தன. கான்ஸ்டபிள் ஒருவர் அரை மணிக்கு ஒருமுறை இரண்டையும் பார்த்து எழுதினார். சுஷ்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தயிரைக் கடையில் வாங்கியே பழகிய பெண். இந்தப் பால் வைத்தியம் எதற்கு என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

மூன்று மணிக்கு எல்லாரையும் மாடிக்கு வரச் சொன்னார்கள். யாதகிரி வந்தார். ராகவேந்திரா வந்தார். ஐம்பது வயது, மடிப்புக் கலையாத சட்டை, நெற்றியில் சின்னக் குங்குமம். மணிவண்ணன் கிடந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு இன்னும் இருந்தது. அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். காஞ்சனாவை அனந்தராமன் கீழே காவலாளியின் அறையிலேயே உட்கார வைத்துவிட்டார்.

"சார், எனக்கு ஒரு சந்தேகம். சோதனை நடக்கும்போது இந்தப் பெட்டிக்குள்ளே வேற ஏதாவது வைக்கறதுண்டா?" என்று ராகவேந்திராவைக் கேட்டார்.

"சான்ஸே இல்ல. ஒரு டம்ளர் வெச்சாலும் கணக்கு மாறிடும். என் லேப்ல அது நடக்காது."

"சந்தோஷம். அந்தச் சனிக்கிழமைத் தாளைப் படிங்கோ இன்ஸ்பெக்டர். பதினொன்றரைக்கு எவ்வளவு?"

"42.4."

"இன்னிக்கு, அதே பெட்டியில, அதே பதினொன்றரைக்கு?"

கான்ஸ்டபிள் தம் தாளைப் பார்த்தார். பத்தரைக்கே 33 டிகிரிக்கு இறங்கிவிட்டது. பதினொன்றரைக்கு 27.

அனந்தராமன் நல்ல பேனல் பெட்டியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தார். மூடியைக் கழற்றி ஒரு தட்டின் மேல் சாய்த்தார். எதுவும் விழவில்லை. தயிர் கல் மாதிரி நின்றது. பிறகு கொலை நடந்த அன்று சோதித்த பெட்டியைத் திறந்து மற்ற டப்பாவை எடுத்துச் சாய்த்தார். பால் தட்டை நிரப்பி, மேசையில் வழிந்து, தரையில் சொட்டியது.

"சனிக்கிழமை நாலரை மணிக்குக் கான்ஸ்டபிளோட பேன்ட்டை நனைச்சதும் பால்தான். தயிர் இல்லை. உறை ஊத்தின பால் நாற்பது டிகிரியில ஆறு மணி நேரம் இருந்திருந்தா தயிராகாம இருக்க முடியாது. அப்போ அந்தத் தாள்ல இருக்கற சூடு அந்தப் பெட்டிக்குள்ளே இல்லவே இல்லை."

"யாராவது நடுவுல பெட்டியைத் திறந்திருக்கலாமே" என்றார் ராகவேந்திரா.

"திறந்திருந்தா எண்ணும் சட்டுனு இறங்கியிருக்கணும். தாள்ல இறங்கலையே. எப்படிப் பார்த்தாலும் தாள் பொய்தான் சொல்றது. இப்போ, யார் எழுதின பொய்? மணிவண்ணன் எழுதலை. பதினொன்று நாற்பதுக்கு அவர் சம்சாரத்துக்குப் போன் பண்ணி, இன்னிக்குத் தயிர் உறையாதுன்னு சொல்லியிருக்கார். பெட்டி ஆறிப் போனதைக் கண்ணால பார்த்துட்டுச் சொன்ன வார்த்தை அது. அதோட, பாலை வெச்ச அன்னிக்கெல்லாம் ஹீட்டரை அணைச்ச கையோட தாளுக்குப் பின்னால எழுதி வைக்கிறது அவர் வழக்கம். பழைய தாள் அத்தனையிலும் இருக்கு. இதுல இல்லை. சுனிலும் எழுதியிருக்க மாட்டான். அவனுக்கு அந்தப் பென்சில் குறிப்பு தெரியும். தவிர, மூணு மணிவரை அண்ணன் உயிரோட இருந்தார்னு எழுதித் தன் கழுத்துக்குத் தானே கயிறு போட்டுக்கற முட்டாள் உண்டா?"

சுஷ்மா பரபரப்பில் பாதி எழுந்தே விட்டாள். "பால் விஷயம் தெரியாத ஆள் எழுதினது! நீங்க இப்பத்தானே சொன்னீங்க, என் லேப்ல அது நடக்காதுன்னு!"

"பன்னிரண்டு இருபத்தைந்துக்குப் போனவன் மூணு மணி சூட்டை எப்படி எழுதுவேன்?" ராகவேந்திராவின் குரல் மட்டும் உயர்ந்தது. கைகள் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தன.

"பார்த்து எழுத முடியாது. கணக்குப் போட்டு எழுதலாம். நல்ல பேனல் மணிக்கு எவ்வளவு ஆறும்னு உங்களுக்கு மனப்பாடம். வராத நேரத்துக்கும் சேர்த்து எழுதிட்டேள். மூணு மணிக்கு சுனில் வந்துடுவான்னு தெரியும், அனுப்பினதே நீங்கதான். அதனால மூணோட நிறுத்திட்டேள். சோதனை முடியறதுக்கு முன்னாடியே இந்தப் பேனலுக்கு நீங்க சர்டிபிகேட்ல கையெழுத்துப் போட்டாச்சு. முதல் லோடு கிடங்குகளுக்குப் போயும் ஆச்சு. அந்த நகல் இன்னிக்குக் காலையில உங்க பீரோவுல கிடைச்சது. மணிவண்ணன் எழுதின நிஜத் தாள் வெளியே போனா உங்க கதி என்ன?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று ஐந்து நாளாக நம்பியிருந்த மனிதர் அவர். இப்போது தரையில் பரவிக்கொண்டிருந்த பாலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மெல்ல ஓடிச் சுண்ணாம்புக் கோட்டைத் தொட்டது.

"பொய் எண் எழுத மாட்டேன்னான். இந்தப் பேனலை நம்பி மருந்து வெச்சா குழந்தைங்களுக்குக் கெட்டுப்போன ஊசிதான் போகும்னான். தாளை எடுத்துக்கிட்டுக் கிளம்பினான். ஸ்பேனர் அங்கேயே கிடந்தது" என்று தெலுங்கில் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பன்னிரண்டு எண்ணை எழுதி முடிக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அரை மணி."

"அப்போ அவருக்கு மூச்சு இருந்தது."

ராகவேந்திரா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். "சத்தம் வந்துக்கிட்டே இருந்தது. நான் எழுதிக்கிட்டே இருந்தேன்."

யாதகிரி எழுந்து அவர் தோளில் கை வைத்தார். கிடங்குகளுக்குப் போன பேனல்களைத் தடுத்து நிறுத்தச் சொல்லும் போன்களைப் பிறகு போட்டார்.

அனந்தராமன் கீழே இறங்கி வந்தார். சுஷ்மா அவருக்குப் பின்னால் வந்தாள். காவலாளியின் அறையில் காஞ்சனா எழுந்து நின்றாள்.

"சுனில் ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்கு வந்துடுவான்மா. லூர்துமேரி அம்மாகிட்டச் சொல்லிச் சாப்பிட வைங்கோ. உங்க வீட்டுக்காரர் பொய் எழுத மாட்டேன்னு நின்னார். அதுக்குத்தான் இந்த அநியாயம்."

அவள் தலையசைத்தாள்.

"அப்ப அந்தப் பால், சார்?"

"நல்ல பால்மா. உங்க கை உறையிலயும் குத்தமில்லை. பெட்டிதான் மட்டம். அதைத்தான் அவர் உங்ககிட்டச் சொன்னார்."

அப்போதுதான் காஞ்சனா வாய்விட்டு அழுதாள். ஐந்து நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை. காவலாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். குடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் இன்னொன்று கேட்டாள்.

"அடிபட்டதும் உடனே போயிட்டாரா சார்? கஷ்டப்பட்டாரா?"

"உடனே போயிட்டார்மா. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றார் அனந்தராமன்.

வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்ததும் சுஷ்மா அவர் பக்கம் திரும்பினாள்.

"கேஸ் கோர்ட்டுக்கு வந்தா தெரிஞ்சுடுமே, அங்கிள்."

"வரும். அப்போ தெரியட்டும்" என்றார் அவர். ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். "இன்னிக்கு ராத்திரி அந்தம்மா தூங்கணும்."